நன்றி நவிலலுக்குப் பின் வரும் பதினொரு மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையைக் கையில் எடுக்கும் வயதானவர்கள் பலரும் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தில் ஒரு மரணம் மூன்று தடவை வருகிறது. முதலில் மரண அறிவித்தல். பிறகு 31ஆம் நாள் நினைவஞ்சலியும் நன்றி நவிலலும். அதன் பின் ஓராண்டு நினைவு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பதினொரு மாதங்கள் கிடக்கின்றன. இறந்தவர் மனைவியாகவும், மிஞ்சியிருப்பவர் அறுபது, எழுபது வயதுக் கணவராகவும் இருந்தால், அந்தப் பதினொரு மாதமும் அந்த மனிதர் எப்படி நாளைக் கழிக்கிறார், ஊர் அவருக்கு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். இரக்கம் கேட்டு எழுதவில்லை. சனசமூக நிலையங்களிடமும் முதியோர் சங்கங்களிடமும் அவருக்கென்று ஒரு வேலையும், நிலையத்தைத் திறக்க ஒரு திறப்பும் (சாவியும்) கேட்டு எழுதுகிறோம்.

முதல் 31 நாளையும் எங்கள் ஊர்கள் நன்றாகவே செய்கின்றன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் அயலட்டையிலிருந்து சாப்பாடு வருகிறது. எட்டுச் செலவு, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, கல்வெட்டு என்ற நினைவு மலர் அச்சடிப்பு, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று வீடு ஆட்களால் நிறைந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் லீவு முடிந்து திரும்புவதும் அந்த நாட்களில்தான். பந்தலைக் கழற்றி, வாடகைக் கதிரைகளை ஏற்றி அனுப்பிய அடுத்த நாள் காலை அந்த மனிதர் நாலு மணிக்கே விழித்துவிடுகிறார். தேத்தண்ணி வைக்க ஆளில்லை. சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. நாற்பது வருடம் அதே வீட்டில் இருந்தவருக்கும் அது தெரியாது.

மனைவியை இழந்தவனுக்குத் தமிழில் ‘தபுதாரன்’ என்று ஒரு சொல் உண்டு. தொல்காப்பியம் காதலி இழந்தவன் நிலையைத் ‘தபுதார நிலை’ என்கிறது. இன்று அந்தச் சொல் ஓய்வூதியப் படிவத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது. ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘மனுசி மோசம் போன ஆள்’ என்றுதான் சொல்வோம். சொல் வழக்கில் இல்லாதது போலவே அவர்களுக்கான ஏற்பாடும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆண்களைவிடப் பெண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள், போரும் பெண்களையே பெருந்தொகையாகத் தனித்து விட்டது. ஆகவே மாதர் சங்கம், சுயதொழில் உதவி, பெண் தலைமைக் குடும்பங்களுக்கான திட்டம் எல்லாம் அவர்களுக்காக எழுந்தன. அது சரியானதே, அதில் ஒரு சதமும் குறைய வேண்டாம். ஆனால் கணவனை இழந்த பெண்ணுக்குச் சமையலறை கைவசம் இருக்கிறது, கோயிலில் பூக்கட்ட இடம் இருக்கிறது, வேலிக்கு மேலால் கதைக்க ஒருத்தி இருக்கிறாள். ஆணுக்கு ஊரோடு இருந்த தொடர்பெல்லாம் மனைவி வழியாகவே இருந்தது. எந்த வீட்டில் கலியாணம், எந்த வீட்டில் சுகமில்லை, எவருக்கு எவ்வளவு மொய் என்பதெல்லாம் அவ தலைக்குள் இருந்தது. அவ போனதும் அவருடைய வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த படலை சாத்தப்படுகிறது.

இனி, கோபம். இதில்தான் ஊர் அதிகம் பிழை விடுகிறது. மனைவி இறந்த சில மாதங்களில் ஆள் எரிந்து விழத் தொடங்குகிறார். மாமரத்துச் சருகு மதிலுக்கு இந்தப் பக்கம் விழுகிறது என்று சண்டை. பெடியள் ஒழுங்கையால் சத்தம் போட்டுப் போகிறார்கள் என்று சண்டை. எல்லை வேலிக்காகக் கிராம அலுவலரிடம் முறைப்பாடு. கொண்டுவந்த சாப்பாட்டைப் பார்த்து ‘இதையும் ஆரும் தின்னுவினமோ’ என்று ஒரு சொல். ‘கிழவனுக்கு விசர்’ என்று நாலு பேர் சொல்ல, ஐந்தாவது ஆளும் படலை திறப்பதை விட்டுவிடுகிறார். ஆண்களில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடச் சினமாகவும் சிடுசிடுப்பாகவும் வருவது சாதாரணம். அழக்கூடாது என்று பழக்கப்பட்ட தலைமுறைக்கு வெளியே காட்ட அனுமதி உள்ள உணர்ச்சி கோபம் ஒன்றுதான். எங்கள் மண்ணில் இன்னொன்றும் சேர்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, மழையில் யார் பிள்ளையைத் தூக்கினார், யார் தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டினார், வீட்டுத் திறப்பை எங்கே ஒளித்தார்கள் என்பதற்கெல்லாம் அவருக்கு இருந்த ஒரே சாட்சி மனைவி. பிள்ளைகள் அப்போது சின்னன்கள். அந்தச் சாட்சியும் போனபின் அவர் சொல்லும் கதையை ‘ஓமோம்’ என்று ஆமோதிக்கவோ, ‘இல்லை, அது கைதடியிலை’ என்று திருத்தவோ ஆளில்லை. அந்த எரிச்சல்தான் சருகின் மேலும் சாப்பாட்டின் மேலும் விழுகிறது.

ஆகவே திட்டு விழுந்தால் திரும்பிப் போக வேண்டாம். அவரைவிட இரண்டு மூன்று வருடம் முந்தி மனைவியை இழந்த ஒருவரை, வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், இருபது நிமிடத்துக்கு மட்டும் போகச் சொல்லுங்கள். செவ்வாய் ஐந்து மணி என்றால் எப்போதும் செவ்வாய் ஐந்து மணி. ‘கவலைப்படாதையுங்கோ’, ‘எல்லாம் விதி’ என்ற சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இறந்தவரின் பெயரைத் தாராளமாகச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் நோகும் என்று ஊரே அந்தப் பெயரை ஒளிக்கிறது. அவருக்கு அது மனைவி இரண்டாம் தரம் இறந்தது போல இருக்கிறது. ‘அக்கா வைக்கிற மீன் சொதிக்கு என்ன போடுறவ?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. வாங்கில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வந்தால் போதும். முதல் இரண்டு மூன்று தடவை முகம் கொடுக்கமாட்டார். அதன் பிறகு ஒரு செவ்வாய் பிந்திப் போனால் ‘ஏன் பிந்தினது?’ என்ற கேள்வி வரும். அவர் கதவு திறந்துவிட்டார் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை.

முதல் மூன்று மாதத்தில் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கடைப் பாணுமாக நாள் ஓடுகிறது. நீரிழிவுக் குளிசையை வழக்கம்போலப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கி ஆள் வேர்த்து விறைத்து விழக்கூடும். தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு மாதத்துக்குச் சரி. அதற்கு மேல் கொடுப்பவருக்கும் சுமை, வாங்குபவருக்கும் வெட்கம். சமையல் பழக்கிவிடுவதுதான் வழி. நாலே நாலு கறி தெரிந்தால் ஆள் தப்பிவிடுவார். ஒரு சுண்டு புழுங்கல் அரிசி ஒருவருக்கு இரண்டு நேரத்துக்குக் காணும்; நாலைந்து சுண்டு தண்ணீர் விட்டு வேகவைத்துக் கஞ்சி வடிக்கச் சொல்லுங்கள். கால் சுண்டு மைசூர்ப் பருப்பு பதினைந்து இருபது நிமிடத்தில் அவியும். அவிந்த பிறகு உப்பு. ஒரு முட்டைப் பொரியல். மற்றது சொதி.

சொதியில்தான் புதிதாகச் சமைக்கும் ஆண்கள் மனம் விடுகிறார்கள், அது திரைந்து போவதால். அரைமுடித் தேங்காய்த் துருவலில் முதற்பாலைக் கெட்டியாகப் பிழிந்து புறம்பாக வைக்க வேண்டும். இரண்டாம் பாலில் வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்கவிடலாம், அதற்குப் பயமில்லை. முதற்பாலை விட்டதும் அகப்பையால் அள்ளி ஊற்றிக் கலக்கிக்கொண்டே நிற்க வேண்டும், கையை எடுக்கக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பின்தான். அடுப்பில் இருக்கும்போது விட்டாலும் திரையும். இதை எழுதிக் கொடுத்தால் வராது. சனசமூக நிலையத்திலோ ஒருவரின் வீட்டுக் குசினியிலோ மூன்று நாலு ஆண்களைச் சேர்த்து ஒரு சனிக்கிழமை செய்து காட்டினால் வரும். சேர்ந்து பழுதாக்கும்போது யாருக்கும் வெட்கமில்லை.

குசினியில் இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி கடைசியாக வறுத்து அரைத்து வைத்த கறித்தூள் போத்தல். தனியாள் சமைத்தால் அது நாலைந்து மாதம் வரும். மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் கரண்டி அடியில் முட்டும். சிலர் அந்தக் கடைசிக் கரண்டியை எடுக்காமல் கறி வைப்பதையே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் விளங்காமல் கடைத் தூள் பைக்கற் வாங்கி அனுப்புகிறார்கள். அயலில் உள்ளவர்கள் அந்தப் போத்தலில் ஒரு கண் வைத்திருங்கள். கால்வாசிக்கு வந்ததும் ‘தூள் வறுப்பமோ?’ என்று கேளுங்கள். பொதுவாகச் செத்தல் மிளகாயும் மல்லியும் சம நிறை. பிறகு சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள். அளவு வீட்டுக்கு வீடு மாறும், அந்த வீட்டு அளவு தெரிந்த ஒரு தங்கச்சியோ மச்சாளோ எங்கேயாவது இருப்பா. அவவிடம் தொலைபேசியில் கேட்டுவிடலாம். மல்லியைத் தனியாகவும் மிளகாயைத் தனியாகவும் இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் முழுத் தூளும் கைக்கும். கிண்டுகிற அகப்பையை அவர் கையில் கொடுங்கள். அரைத்ததை அதே போத்தலில், மிஞ்சிக் கிடக்கும் பழைய தூளோடு கலந்து போடச் சொல்லுங்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் கண்ணில் இது அந்தியேட்டிக்குக் குறையாத ஒரு சடங்கு.

நாளில் ஆகக் கொடிய நேரம் மைமல். விளக்கு வைக்கிற நேரம். அவ விளக்கேற்றிய நேரத்தில் வீடு இருண்டு கிடக்கும். சாராயமோ கள்ளோ தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். இங்கே மாலை ஆறு மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. சுவிஸில் அதைவிட ஒரு மணித்தியாலம் கூட. உங்கள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை அப்பாவின் மைமல். ரொறன்ரோவில் அது காலை ஏழரை அல்லது எட்டரை, வேலைக்கு வெளிக்கிடும் நேரம். ஞாயிறு இரவு ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிடத் தினம் அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் நல்லது. ‘சாப்பிட்டியளோ, குளிசை போட்டியளோ’ என்று மட்டும் கேட்டால் அவர் நோயாளியாகிறார். ‘அப்பா, இஞ்சை தண்ணிப் பைப் ஒழுகுது, என்ன செய்யிறது?’ என்று கேட்டால் தகப்பனாகிறார்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு மனிதரை எழுப்பி வெளியே கொண்டுவருவது, அவர் போகாவிட்டால் இன்னொருவருக்கு ஒரு காரியம் நின்றுபோகும் என்ற நிலைதான். பொழுதுபோக்கு அதைச் செய்யாது. வேலைக்கு நேரம் குறித்திருக்க வேண்டும், கைவேலையாக இருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு ஆளும் இருக்க வேண்டும். முதியோர் தினத்தில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்ப்பது இதில் சேராது. பொன்னாடையோடு வீட்டுக்கு வந்து அதைக் காட்ட ஆளில்லாமல் இருப்பது முன்பிருந்த தனிமையைவிட மோசம். எடுத்த எடுப்பில் தலைவர், செயலாளர் பதவி கொடுப்பதும் பிழை. கூட்டத்தில் ஒரு சொல் எதிராக வந்ததும் ராஜினாமா எழுதிவிட்டு மறுபடி வீட்டுக்குள் போய்விடுவார். காசுப் பெட்டியையும் முதல் ஆறு மாதம் கொடுக்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவருக்கு ஞாபகம் தவறும், கணக்குப் பிசகும், பிசகினால் அவர் மானம் போகும்.

எங்கள் அனுபவத்தில் மிக நன்றாகப் பிடித்துக்கொள்வது சைக்கிள் திருத்தும் மேசை. யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகள் இன்னும் சைக்கிளில்தான் போகிறார்கள். இந்த வயது ஆண்களில் ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவர் அரிது. மண்ணெண்ணெயும் பெற்றோலும் கிடையாத வருடங்களில் சைக்கிள்தான் அவர்களைச் சுமந்தது. பாடசாலை ஒன்றரைக்கு விடும். மேசையை நாலரையிலிருந்து ஆறரை வரை திறந்தால் மைமல் நேரம் அதற்குள் அடங்கிவிடும்.

வேண்டியவை அதிகமில்லை. நிலையத்து விறாந்தையில் ஒரு பழைய மேசை, ஒரு பல்ப், சைக்கிளைத் தூக்கிக் கொழுவக் கூரை வளையில் இரண்டு கயிறு, ஒரு பேசின், நிலப் பம் ஒன்று, ரயர் கழற்றும் லெவர் மூன்று, ஸ்பனர் ஒரு செற், அச்சின் கோனை இறுக்கி இளக்கும் கோன் ஸ்பனர், உப்புத்தாள், ஒட்டுவதற்குச் சொலூசன், பழைய ரியூப் துண்டு, வால்வில் மாட்டும் சின்ன றப்பர் வால்வு ரியூப், கிறீஸ், அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டுகள். பின்சில்லு அச்சுக்குக் கால் அங்குலக் குண்டு பக்கத்துக்கு ஒன்பது, முன்சில்லுக்கு பதினாறில் மூன்று அங்குலக் குண்டு பக்கத்துக்குப் பத்து. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் கலந்துவிடும். சின்னப் போத்தல் இரண்டு வையுங்கள்.

காற்றுப் போன சில்லு வந்ததும் ரயரைக் கழற்றக்கூடாது. முதலில் வால்வின் வாயில் எச்சில் தொட்டுப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் வால்வு ரியூப் வெடித்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. இல்லையென்றால் ரியூபை எடுத்துக் கொஞ்சம் காற்றடித்துப் பேசின் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டு, துடைத்து, ஈரம் போனபின் உப்புத்தாளால் ஒட்டுத் துண்டைவிட அகலமாகத் தேய்க்க வேண்டும். சொலூசனை மெல்லிதாகப் பூசி ஐந்து நிமிடம் விட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பெடியள் பொறுக்கமாட்டார்கள். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே காற்றுக்குமிழ் நின்று இரண்டாம் நாள் கழரும். விரலால் தொட்டால் ஒட்டவேண்டும், இழுபடக்கூடாது; அதுதான் பதம். ஒட்டி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். திருப்பிப் பூட்டுமுன் ரயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுதும் துடைக்க வேண்டும். நெருஞ்சி முள் அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் பூட்டினால் படலை தாண்டுமுன் மறுபடி காற்றுப் போகும்.

அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பு இந்த ஏற்பாட்டின் பெரிய கொடை. ஒரு சில்லின் இரு பக்கமும் இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள். கண் இரண்டும் ரியூபில். முகத்துக்கு முகம் பார்த்தால் வாய் திறக்காத மனிதர் அந்த நேரத்தில் ‘அவவின்ரை சைக்கிளும் இப்பிடித்தான், பின்சில்லு’ என்று தொடங்குவார். அவுஸ்திரேலியாவில் 1990களில் ஆண்களுக்கான பட்டறைகள் தொடங்கப்பட்டதும் இதே காரணத்தால்தான்: ஆண்கள் எதிரெதிரே இருந்து கதைப்பதைவிடத் தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது கதைக்கிறார்கள்.

எல்லாருக்கும் சைக்கிள் சரிவராது. தோட்டக்காரர் என்றால் தண்ணீர் பம். ஆவணி, புரட்டாதியில் கிணற்று மட்டம் இறங்கும்போது ஊரில் பாதிப் பம் இழுக்காமல் நிற்கும். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: அடிவால்வில் மணல் சிக்கிக் குழாயில் தண்ணீர் நிற்காமை, இழுவைக் குழாய் மூட்டில் காற்று உறிஞ்சல், அல்லது பம்முக்கும் தண்ணீருக்கும் இடை இருபது இருபத்தைந்து அடியைத் தாண்டியமை. கடைசியதற்கு எந்த வாசரும் மாற்றிப் பயனில்லை. பம்மை கிணற்றுக்குள் இறக்கித் தட்டு அடிக்க வேண்டும். இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒருவர் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது ஊருக்கே நட்டம். விடிய நாலு மணிக்கு விழிக்கும் மனிதருக்கு வாசிகசாலைத் திறப்பு. ஆறு மணிக்குத் திறந்து, கூட்டி, பத்திரிகைகளை மேசையில் போட்டு, பழையதை மாதவாரியாகக் கட்டி வைக்க ஒருவர் வேண்டும்தானே.

கேட்கும் விதம் முக்கியம். ‘ஐயா, வீட்டுக்குள்ளை இருக்காமல் வாங்கோவன்’ என்று கேட்டால் ‘எனக்கு ஒண்டும் வேண்டாம்’ என்பார். பழுதான சில்லைக் கையில் கொண்டுபோய், ‘அண்ணை, கோனை இறுக்கினால் சில்லு சுத்துதில்லை, இளக்கினால் ஆடுது, எங்களுக்குப் பிடிபடேல்லை’ என்று வாசலில் வையுங்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையிலேயே பிடிபடாததைக் கொண்டுபோங்கள். ஏசுவார். ஏசிக்கொண்டே ஸ்பனரைத் தேடுவார். அடுத்த கிழமை அந்த ஸ்பனர் நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காக வந்தபின் திறப்பைக் கொடுங்கள். இரவல் திறப்பாக அல்ல, கையெழுத்து வாங்கி, கொப்பியில் பதிந்து.

இரண்டாவது திறப்பு நிர்வாகத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். அவர் திறக்க வேண்டிய நேரம் கடந்து அரை மணித்தியாலத்துக்குள் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். ‘ஏன் வரேல்லை’ என்று கேட்க அல்ல, ‘சொலூசன் எங்கை வைச்சனியள்?’ என்று கேட்க. விழுந்து கிடக்கிறாரா, காய்ச்சலா, மனம் விட்டுவிட்டாரா என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். தனியே இருக்கும் முதியவர் விழுந்து இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் கொடுமைக்கு இதைவிட மலிவான காவல் எங்களுக்குத் தெரியவில்லை.

ஊரால் முடியாத கட்டமும் உண்டு. ஆறு மாதம் கடந்தும் நாள் முழுதும் அதே நினைவில் அழுந்தி, குளிப்பு, சாப்பாடு, உறக்கம் எல்லாம் குலைந்து, ஆள் மெலிந்துகொண்டே போனால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய துயரம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துயரம் தனி நோயாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. ‘நானும் அவவோடை போயிருக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் கேட்காதது போல் விடக்கூடாது. நேரே, அமைதியாக, ‘சாக வேணுமெண்டு நினைக்கிறியளோ?’ என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றிரவு தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் எடுத்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை நிலையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு வார்த்தை காசைப் பற்றி. மனைவி ஆசிரியையாகவோ வேறு அரச உத்தியோகத்தராகவோ இருந்திருந்தால் கணவருக்கும் ஓய்வூதிய உரிமை இருக்கக்கூடும். 1983இல் அதற்கென்றே சட்டம் வந்தது. பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பகுதியை விசாரியுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரமும் விவாகப் பதிவும் கைவசம் வேண்டும். இடப்பெயர்வில் விவாகப் பதிவைத் தொலைத்தவர்கள் பலர். பிரதி எடுக்க நாள் பிடிக்கும் என்பதால் அதை முதலே தொடங்க வேண்டும். வரிசையில் நிற்க ஒருவர் கூடப் போனால் நல்லது.

இன்னொன்று மனதில் கிடக்கிறது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று ஊரே சேர்ந்து விரதம் பிடிக்கிறோம். கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 இருக்கிறது. எல்லாரும் சேமக்காலைக்குப் போவார்கள். மனைவியை இழந்த சைவக் கணவருக்கு வருடத் திவசத்தைத் தவிர ஊரோடு சேர்ந்து நினைக்க ஒரு நாள் இல்லை. கலியாண வீட்டில் சோடியாக நின்று செய்யும் சடங்கு வரும்போது அவர் எழும்பிப் பின்வரிசைக் கதிரைக்குப் போய்விடுகிறார். அவரைப் பந்தியில் பரிமாறவோ வாசலில் நின்று வரவேற்கவோ விட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தல் பக்கத்தின் அடியில் வாரம் ஒருநாள், இரண்டு அங்குலம் இடம் தாருங்கள். எந்தச் சனசமூக நிலையத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன வேலைக்கு ஆள் தேவை என்று மட்டும் அதில் வரட்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வாசிக்க வேண்டியவர்களின் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தார்கள் என்று சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை.

இப்படிக்கு,
சனசமூக நிலையங்களிலும் முதியோர் சங்கங்களிலும் வேலை செய்யும் சிலர்,
வலிகாமம்.